நாலு சக்கரம், ஒரு முக்கோணம்

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் சாலையில் அந்த வண்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சாதாரண ஸ்கூட்டர்தான், பின்சக்கரத்துக்கு இரு பக்கமும் இரண்டு சிறு சக்கரங்கள். மூன்று சக்கர வண்டி என்பது பேச்சுவழக்கு. எண்ணினால் நாலு இருக்கும். தமிழ்நாடு அரசு இவற்றை மாற்றுத்திறனாளிகளுக்கு இலவசமாக வழங்கி வருகிறது. கையால் சுற்றும் சைக்கிளில் தோள் நோகப் போனவருக்கு இது எத்தனை பெரிய விடுதலை! எனவே நம் குறை கொடுத்ததைப் பற்றியதல்ல, வண்டியின் அமைப்பைப் பற்றியது.

இரு சக்கர வண்டி வளைவில் உட்பக்கம் சாய்கிறது. அந்தச் சாய்வே அதைக் கவிழாமல் காக்கிறது. பக்கச் சக்கரம் பூட்டியதும் சாய முடியாமல் போகிறது. அதோடு, வண்டி நிற்பது நாற்கோணத்தின் மேல் அல்ல. முன்சக்கரத்தையும் இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் முக்கோணத்தின் மேல்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பக்கச் சக்கரங்களுக்கு நடுவே 80 செ.மீ. ஆளோடு சேர்ந்த எடையின் மையம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில், முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை உள்ள தூரத்தில் ஐந்தில் மூன்று பங்கில் இருக்கிறது என்று கொள்வோம். அந்த இடத்தில் முக்கோணத்தின் பாதி அகலம் 40 அல்ல, 24 செ.மீ.தான். 24-ஐ 60-ஆல் வகுத்தால் 0.4. பக்கவாட்டு விசை எடையில் 0.4 பங்கைத் தாண்டினால் உட்பக்கச் சக்கரம் எழும்பிவிடும். 15 மீட்டர் ஆரமுள்ள வளைவில் இது மணிக்கு சுமார் 28 கி.மீ. வேகம். அவ்வளவுதான்! ஓட்டுகிறவரிடம் இதை யாராவது சொல்கிறார்களா?

வளைவுக்குள் பிரேக் பிடித்தால் இன்னும் மோசம். எடை முன்னால் சரிகிறது. முக்கோணம் குறுகுவதும் அங்கேதான். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். பள்ளத்தில் வேறு தொல்லை: பக்கச் சக்கரங்கள் மேட்டில் நின்றுகொள்ள, எஞ்சின் ஓட்டும் நடுச்சக்கரம் தொங்கியபடி சும்மா சுற்றும். கடலோர மணலிலும் இதே கதை.

அதற்கென்றே வடிவமைத்தால் போதுமா? பிரிட்டனில் அரசு வழங்கிய ‘இன்வாகார்’ அப்படிப் பிறந்ததுதான். அதற்கும் முன்னால் ஒற்றைச் சக்கரம். குறுக்குக் காற்றில் தடுமாறியது. 2003 மார்ச் 31-க்குப் பிறகு சாலையில் ஓடத் தடை வந்தது. முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்று வைத்தால், பிரேக் பிடிக்கும்போது எடை அகலமான பக்கம் போகும். பியாஜியோ நிறுவனம் 2006-இல் கொண்டுவந்த எம்.பி.3 ஸ்கூட்டர் அப்படிப்பட்டது. வளைவில் சாயவும் செய்யும், நிற்கும்போது சாயாமல் பூட்டிக்கொள்ளவும் செய்யும். விலை அதிகம் என்பது உண்மை. அதன் தத்துவத்துக்கு விலை கிடையாதே.

இன்னொன்று. கியர் இல்லாத ஸ்கூட்டரில் முடுக்குவது, நிறுத்துவது எல்லாம் கைவேலை. கால் முடியாதவருக்கு அது வசதி. ஆனால் செங்கற்பட்டை அடுத்த திருமணியில் மத்திய தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நரம்பு கெட்டு, விரல் மடங்கி, உணர்ச்சி இழந்த கைகளை அந்த வட்டாரம் நன்கு அறியும். அந்தக் கைகளுக்கு இந்த பிரேக் எதற்கு உதவும்?

மாமல்லபுரத்துக்கு வந்து சேர்ந்தோம் என்றே வைத்துக்கொள்வோம். ஊன்றுகோல் செருகச் சில வண்டிகளில் கொக்கி உண்டு. சக்கரநாற்காலி வைக்கச் சாதாரணமாக இடமிருப்பதில்லை. தனியே வந்தவர் சாலையோரம் நிறுத்தி, இருக்கையில் அமர்ந்தபடியே கடற்கரைக் கோயிலின் உச்சியைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்ப வேண்டியதுதான்.