கல்லில் பேசும் புரவலர்

கலை வளர்த்த செல்வர் ஒருவரைப் புகழ்வது எளிது. அவரை உள்ளவாறே கல்லில் நிறுத்துவது அரிது. ரோம் நகரின் போர்கேசே காட்சிக்கூடத்தில் உள்ள கர்தினால் ஸ்கிப்பியோனே போர்கேசேயின் மார்பளவுப் பளிங்குச் சிலை அவ்வரிய செயலுக்குச் சான்றாகும். 1632ஆம் ஆண்டில் அதனைச் செதுக்கியவர் ஜான் லொரென்சோ பெர்னினி.

ஸ்கிப்பியோனே, போப்பாண்டவர் ஐந்தாம் பவுலின் உடன்பிறந்தாள் மகன். 1605இல் மாமனுக்குப் பதவி கிட்டியது; அவ்வாண்டே மருகரும் கர்தினால் ஆனார். செல்வம் குவிந்தது. இளைஞர் பெர்னினியின் ஆற்றலை உணர்ந்து, ‘அப்பல்லோவும் டாஃப்னேயும்’, ‘தாவீது’ முதலிய சிற்பங்களைச் செய்வித்தவர் அவரே. ஆயின், அவரது கலைப்பற்றில் பேராசையும் கலந்திருந்தது. 1607இல் தார்ப்பினோ என்னும் ஓவியரிடம் பறிமுதல் செய்யப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட ஓவியங்கள் அவர் கைக்கு வந்தன. 1608இல் பெருஜியா நகரத் தேவாலயத்திலிருந்து ரஃபாயேலின் ஓவியம் ஒன்று அவருக்காக இரவோடிரவாக எடுத்துச் செல்லப்பட்டது.

இத்தகையவரைச் சிற்பி எங்ஙனம் காட்டினார்? அசையாது அமரச் செய்யவில்லை. அவர் பேசும்போதும் திரும்பும்போதும் கூர்ந்து நோக்கி வரைந்துகொண்டார். ஆதலின் சிலையின் தலை ஒருபுறம் திரும்பியுள்ளது. அருகிலிருப்பவரிடம் ஏதோ சொல்லத் தொடங்கியவர்போல் இதழ்கள் சற்றே திறந்துள்ளன. தடித்த கன்னங்களும் இரட்டை மோவாயும் மறைக்கப்படவில்லை. மேலங்கியின் பொத்தான் ஒன்று துளைக்குள் முழுதும் நுழையாது நிற்கிறது. அச்சிறு பொத்தானே ஆடைக்குள் பருத்த உடல் ஒன்று மூச்சு விடுவதை உணர்த்திவிடுகிறது.

வேலை முடியும் தறுவாயில் நெற்றியின் குறுக்கே கல்லில் விரிசல் கண்டது. பெர்னினி விரைந்து மற்றொரு சிலை செய்தார். பதினைந்தே நாளில் அது முடிந்தது என்பர் அவர் வரலாறு எழுதிய பல்தினூச்சி. இன்று இரண்டும் ஒரே கூடத்தில் உள்ளன. இரண்டாவது குறையற்றது; எனினும் முதற்சிலையின் துடிப்பு அதில் சற்றுக் குறைவே. விரிசல் விழுந்த முகமே உயிருள்ள முகமாக இருக்கிறது.

கர்தினால் 1633இல் மறைந்தார். சிலையைக் காண்பவர் அவர்மேல் அன்பு கொள்ளாதிருத்தல் கடினம். இங்குதான் விழிப்பு வேண்டும். சிற்பி உடலைப் பற்றிப் பொய் சொல்லவில்லை. ஆனால், பெருஜியாவின் இழப்பைக் கல் சொல்லாது. அதனை வரலாறுதான் சொல்லவேண்டும். சிலையின் உண்மையை வியப்பவர் அவ்வரலாற்றையும் உடன்வைத்துக் காண்பதே நடுநிலை.