முதலாளியிடம் கேட்டால் போதுமா? தரவுத் தனியுரிமையும் சிறுபான்மைச் சமூகப் பங்கேற்பும்

தோப்பில் முகமது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ (1988), அவர் பிறந்த தேங்காய்ப்பட்டணத்தின் இஸ்லாமிய வாழ்வைப் பின்புலமாகக் கொண்ட புதினம். ஊருக்குள் ஆங்கிலப் பள்ளி வருவதை வடக்குவீட்டு அகமதுக்கண்ணு முதலாளி எதிர்க்கிறார். ஊரின் பெயராலும் சமயத்தின் பெயராலும் எழும் அவ்வெதிர்ப்பு, உண்மையில் அவருடைய அதிகாரத்தின் அச்சமே.

சிறுபான்மைச் சமூகங்களைக் கலந்தே தரவுத் தனியுரிமைக்கான உதவிகளை வடிவமைக்க வேண்டும் என்னும் கருத்து இன்று வலுப்பெற்று வருகிறது. ஏற்கத்தக்க கருத்துதான். ஆயினும் சமூகம் என்று எவரைக் கேட்பது என்ற வினாவை அது எளிதாகக் கடந்துவிடுகிறது. ஊர்த்தலைவர்களைக் கேட்டுத் திரும்பும் ஆய்வாளர் முதலாளியைக் கேட்டுத் திரும்பியவரே. ஒரு பெண்ணின் மருத்துவச் செய்தியோ மணமுறிவுச் செய்தியோ முதலில் காக்கப்பட வேண்டியது வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து அன்று, சொந்த வீட்டாரிடமிருந்தும் ஊர்ப் பெரியவர்களிடமிருந்தும் என்றால் அவள் அதை எந்த அவையில் சொல்வாள்?

இந்திய நடைமுறை இதற்கு நேர்மாறான எல்லையில் நிற்கிறது. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திற்கான வரைவு விதிகள் 2025 ஜனவரியில் வெளியாயின. கருத்துகள் ‘மைகவ்’ இணையதளம் வழியே பெறப்பட்டன. அனுப்பப்பட்ட கருத்துகள் வெளியிடப்படமாட்டா என்றும் அறிவிக்கப்பட்டது. எழுதுவோர்க்கு அது பாதுகாப்பு; தம் குரல் சேர்ந்ததா என்று ஒரு சமூகம் அறிய வழியில்லை என்பது அதன் மறுபக்கம்.

ஒப்புதல் வேண்டுகோளை ஆங்கிலத்திலோ எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளுள் ஒன்றிலோ பெறலாம் என்கிறது சட்டம். மீரானோ மலையாள வழியில் பயின்று, தமிழை மலையாள எழுத்தில் எழுதி, பிறரைக்கொண்டு தமிழ் எழுத்தில் பெயர்த்தெழுதச் செய்தவர். பேசும் மொழி ஒன்று, படிக்கும் எழுத்து வேறு என்னும் இந்நிலை 1956வரை திருவிதாங்கூர்ப் பகுதியோடு இருந்த குமரிக்குப் புதிதன்று. அரபுத்தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த மூதாட்டிக்கு அட்டவணையில் தமிழ் இருந்து பயனில்லை. வீட்டுமொழியில் ஒலிக்கும் அறிவிப்பே அவருக்கு உதவும். அதனையும் அவர் தனியே கேட்க இயலவேண்டும். குடும்பத்திற்கு ஒரே கைப்பேசி என்றால் அதுவும் இயலாது.

மீனவர் நிலை இன்னும் கடினம். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பின் கடல்மீனவர்க்குப் பயோமெட்ரிக் அடையாள அட்டை வழங்கும் திட்டம் வந்தது. அரசு மானியம், நலத்திட்டம் ஆகியவற்றிற்கு, அரசின் பதிவேட்டில் முன்பே உள்ள தரவைப் புதிய ஒப்புதலின்றியே பயன்படுத்தச் சட்டத்தின் 7ஆம் பிரிவு வழிவிடுகிறது. ஒப்புதல் கேட்கப்படாத இடத்தில், எம்மொழியில் கேட்பது என்னும் வினாவே எழுவதில்லை.