ஜாவாவின் பிரெடிக்கேட்: ஒரு பயன்பாட்டு மதிப்பீடு

2014 மார்ச்சில் வெளிவந்த ஜாவா 8, லாம்டா எனப்படும் பெயரற்ற சிறு செயற்கூறுகளை மொழிக்குள் கொண்டுவந்தபோது, அவற்றை ஏற்பதற்குரிய வகைகளாக 43 இடைமுகங்களையும் ஒரே தொகுப்பில் சேர்த்து வழங்கியது. கட்டாயம் எழுதித் தரவேண்டிய மெத்தட் ஒன்றே ஒன்றைக் கொண்ட இடைமுகம் செயற்கூற்று இடைமுகம் ஆகும். அந்த வரிசையில், ஒரு மதிப்பை வாங்கிக்கொண்டு ஆம் அல்லது இல்லை என்ற பூலியன் விடையை மட்டும் தருவது பிரெடிக்கேட். அதன் கட்டாய மெத்தட்டின் பெயர் டெஸ்ட்.

இஃப் கூற்றுக்குள் புதைந்துகிடந்த நிபந்தனை, பிரெடிக்கேட்டின் வழியாக ஒரு பொருளாகி, பெயர் சூட்டவும் மாறியில் வைக்கவும் மற்றொரு மெத்தட்டுக்கு அளபுருவாக அனுப்பவும் உரியதாகிறது. தரவு வரிசைகளைக் கையாளும் ஸ்ட்ரீமின் ஃபில்டர், எனிமேட்ச், ஆல்மேட்ச் ஆகியவையும், பட்டியலிலிருந்து வேண்டாதவற்றை நீக்கும் ரிமூவ்இஃப் மெத்தட்டும் அதையே எதிர்பார்ப்பதால், ஒருமுறை எழுதிய விதியை எல்லா இடங்களிலும் பயன்படுத்தலாம். விதி மாறினால் திருத்தவேண்டிய இடமும் ஒன்றே. (வெற்று ஸ்ட்ரீமில் ஆல்மேட்ச் 'ஆம்' என்றே விடையளிக்கும் என்பது தருக்கப்படி சரியே ஆயினும், புதியவர்களைத் திகைக்கவைக்கும்.)

நிபந்தனைகளை இணைப்பதற்கு ஆண்ட், ஆர், நெகேட் என்னும் மூன்று மெத்தட்டுகள் பிரெடிக்கேட்டிலேயே உள்ளன. ஆண்ட் இணைப்பில் முதல் சோதனை தோற்றால் இரண்டாவது இயங்காது என்பதால், மதிப்பு வெறுமையா என்று முதலில் பார்த்துவிட்டு அதன் நீளத்தைச் சோதிப்பது பாதுகாப்பாக நடக்கிறது. ஆயினும் இங்கே ஒரு கண்ணி உண்டு. கட்டணச் சலுகைக்கான விதியில் மூத்த குடிமகனா, மாணவரா, அடையாள அட்டை உள்ளதா என்ற மூன்று சோதனைகள் இருப்பதாகக் கொள்வோம். 'மூத்தவர் அல்லது மாணவர் மற்றும் அட்டை' என்று ஜாவாவின் வழக்கமான குறிகளால் எழுதினால், 'மற்றும்' முந்திக்கொள்வதால் மூத்தவர் அட்டையின்றியே சலுகை பெறுவார். அதையே அதே வரிசையில் ஆர், ஆண்ட் என மெத்தட் சங்கிலியாக எழுதினால், கணக்கீடு இடமிருந்து வலமாகச் சென்று அட்டை எல்லோருக்கும் கட்டாயமாகிவிடும். இரண்டும் பிழையின்றித் தொகுக்கப்படும். விடைகள் மட்டும் வேறுபடும். பழைய நிபந்தனைகளைச் சங்கிலியாக மாற்றியெழுதுவோர் அடைப்புக்குறிக்குள் வரவேண்டிய பகுதியைத் தனிப் பிரெடிக்கேட்டாகப் பிரித்துப் பெயரிடுவதே இதற்குச் சரியான தற்காப்பு.

ஸ்ட்ரிங் வகுப்பின் இஸ்எம்ப்டி போன்ற ஒரு மெத்தட்டை நேரடியாகச் சுட்டி, அதன்மேல் நெகேட்டை அழைக்க முயன்றால் தொகுப்பி மறுத்துவிடும்; எந்த வகைக்கான சுட்டு என்பது அந்த இடத்தில் அதற்குத் தெரியாது. 2018இல் வந்த ஜாவா 11 நாட் என்னும் நிலை மெத்தட்டைச் சேர்த்து இக்குறையைத் தீர்த்தது. முழு எண்களைப் பொருளாகப் பொதியும் செலவைத் தவிர்ப்பதற்கென உள்ள இன்ட்பிரெடிக்கேட்டில் அந்த நாட் இல்லை என்பது விளங்காத கஞ்சத்தனம்.

மிகப் பெரிய வரம்பு, விடையின் குறுகலில்தான் இருக்கிறது. பல சோதனைகளைக் கோத்த பிரெடிக்கேட் 'இல்லை' என்று சொல்லும்போது எந்தச் சோதனை தோற்றது என்று அது சொல்வதில்லை. லாம்டாவை அச்சிட்டுப் பார்த்தாலும் பொருளற்ற ஒரு பெயரே கிடைக்கும். மேலும், கட்டாயம் கையாளவேண்டிய விதிவிலக்குகளை டெஸ்ட் அறிவிக்காததால், கோப்பைத் திறந்து பார்க்கும் சோதனை ஒவ்வொன்றிலும் உள்ளேயே ட்ரை–கேட்ச் எழுதவேண்டியதாகிறது.

ஆகவே பட்டியலை வடிகட்டும் வேலைக்குப் பிரெடிக்கேட் மிகப் பொருத்தமானது. விண்ணப்பப் படிவத்தைச் சரிபார்த்து எங்கே தவறு என்று பயனருக்குக் காட்டவேண்டிய வேலைக்கு, பிழைச் செய்தியையே விடையாகத் தரும் ஃபங்ஷன் இடைமுகத்தை எடுத்துக்கொள்வது மேல்.