லாக் ஓபரானும் சுவிட்ச் உருவகமும்: ஒரு திறனாய்வு

திறவுச்சொற்கள்: லாக் ஓபரான், அடக்கிப் புரதம், அல்லோலாக்டோஸ், அறிவியல் உருவகம், கலைச்சொல்

முன்னுரை

பாக்டீரியா தன் சூழலுக்கேற்ப மரபணுக்களை ஒழுங்குபடுத்தும் முறையை விளக்குவதற்கு, 1961-இல் பிரான்சுவா ஜேக்கப், ஜாக் மோனாட் ஆகியோர் முன்வைத்த ஓபரான் கோட்பாடே இன்றும் முதன்மைச் சான்றாகக் காட்டப்பெறுகிறது. அதனை மின்விளக்கின் சுவிட்சோடு ஒப்பிடுவது கற்பித்தலில் வழக்கம். அவ்வுருவகம் எதனைத் தெளிவாக்குகிறது, எதனை மறைக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

உருவகத்தின் பொருத்தம்

லாக்டோஸ் இல்லாத சூழலில் அடக்கிப் புரதம் டிஎன்ஏவின் இயக்கிப் பகுதியில் பிணைந்து, படியெடுத்தலைத் தடுக்கிறது. தூண்டி மூலக்கூறு சேர்ந்ததும் புரதத்தின் வடிவம் மாறி, அதன் பிடி தளர்கிறது. ஜேக்கப்பும் மோனாடும் அடக்கியை ஆர்என்ஏவாகக் கருத முற்பட்டனர். 1966-இல் வால்டர் கில்பர்ட், பென்னோ முல்லர்-ஹில் ஆகியோர் அதனைப் பிரித்தெடுத்து, புரதமே என நிறுவினர். அடக்கியின் வேதித்தன்மை குறித்த ஊகம் பிழைத்தபோதும் தடையும் தடைநீக்கமும் என்னும் தருக்கம் நிலைத்தது. இத்தருக்கத்தைச் சுருங்கச் சொல்வதில் சுவிட்ச் உருவகம் பயனுடையதே.

உருவகத்தின் எல்லைகள்

இயற்கைத் தூண்டி லாக்டோஸ் அன்று. அதிலிருந்து உருவாகும் அல்லோலாக்டோஸ் ஆகும். லாக்டோஸை உயிரணுவுக்குள் கொணர்வது பெர்மியேஸ். அதனை அல்லோலாக்டோஸாக மாற்றுவது பீட்டா-கேலக்டோசிடேஸ். இவ்விரண்டும் அதே ஓபரானின் விளைபொருள்கள். ஓபரான் முற்றிலும் அடைபட்டிருந்தால் லாக்டோஸ் உள்ளே நுழையவும் இயலாது. தூண்டியாக மாறவும் இயலாது. எனவே அடக்கப்பட்ட நிலையிலும் நிகழும் சிறு கசிவு, அமைப்பின் குறைபாடன்று. சூழலை உணர்வதற்கான முன்தேவையாகும்.

குளுக்கோஸின் பங்கும் நோக்கத்தக்கது. அது குறையும்போது சுழற்சி ஏஎம்பி பெருகி, அதனோடு இணைந்த கேப் புரதம் டிஎன்ஏவை வளைத்துப் படியெடுத்தலை ஊக்குவிக்கிறது. குளுக்கோஸ் மிகும்போதோ பெர்மியேஸின் செயலும் தடைபடுகிறது. ஆகவே லாக்டோஸின் இருப்பு மட்டுமே முடிவைத் தீர்மானிப்பதில்லை.

எனினும் உருவகத்தை முற்றிலும் புறந்தள்ளவும் இயலாது. ஆரோன் நோவிக், மில்டன் வெய்னர் ஆகியோரின் 1957-ஆம் ஆண்டு ஆய்வு, குறைந்த அளவு தூண்டியில் சில உயிரணுக்கள் முழுமையாகத் தூண்டப்பெற, ஏனையவை தூண்டப்பெறாமல் இருப்பதைக் காட்டியது. தனி உயிரணுவில் இரு நிலைகளே காணப்படுகின்றன. ஆனால் எந்த உயிரணு எப்போது மாறும் என்பதில் தற்செயலுக்கும் பங்குண்டு. விரலுக்குத் தவறாமல் பணியும் சுவிட்சில் இப்பண்பு இல்லை.

முடிவுரை

சுவிட்ச் உருவகத்தை மட்டுமே கற்ற மாணவர், 'முதல் லாக்டோஸ் மூலக்கூறு எவ்வாறு உள்ளே வந்தது?' என்னும் எளிய வினாவுக்கு விடை கூற இயலாது. 'அடக்கி' என்னும் கலைச்சொல்லும் முழுத் தடை என்ற பொருளையே முதலில் தோற்றுவிக்கிறது. சொல்லை மாற்ற வேண்டியதில்லை. 'படியெடுத்தலை நிறுத்துவது' என்பதற்கு மாற்றாகப் 'படியெடுத்தலைப் பெரிதும் குறைப்பது' என வரையறுத்தலே போதுமானது. கசிவுக்கு இடமளிக்கும் வரையறையே இவ்வொழுங்குமுறையின் இயல்புக்கு நெருக்கமானது எனலாம்.