வறுமையும் மனத்தின் கொள்ளளவும்: 'ஸ்கேர்சிட்டி' நூல் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

மனிதர் முடிவெடுக்கும் முறையை உளவியலும் பொருளியலும் இணைந்து ஆராயும் போக்கு அண்மைப் பத்தாண்டுகளில் வலுப்பெற்றுள்ளது. உளவியலறிஞர் டேனியல் கானமன் 2002ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றமை இப்போக்கிற்குக் கிடைத்த ஏற்பு எனலாம். இவ்வழியில் தோன்றிய நூல்களுள் செந்தில் முல்லைநாதனும் எல்டார் ஷாஃபிரும் எழுதி 2013இல் வெளிவந்த 'ஸ்கேர்சிட்டி' (பற்றாக்குறை) தமிழாசிரியர்கள் படித்தறிய வேண்டியதாகும். முல்லைநாதன் தமிழ்நாட்டில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். நூலின் இன்றியமையாச் சான்றுகள் இரண்டு தமிழ்நாட்டிலிருந்தே பெறப்பட்டவை.

நூலின் மையக் கருத்து

பற்றாக்குறை மனத்தின் கவனத்தைத் தன்பால் ஈர்த்துக்கொள்கிறது. அதனால் பிறவற்றிற்குரிய சிந்தனைத் திறன் குறைகிறது என்பதே நூலின் கருத்து. தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம் நிகழ்த்தப்பட்ட ஆய்வு இதற்குச் சான்றாகிறது. அறுவடைக்கு முன் கைப்பொருள் சுருங்கியிருந்தபோதும், அறுவடைக்குப் பின் பணம் கிட்டியபோதும் அதே விவசாயிகளுக்கு அறிவுத்திறன் சோதனைகள் வைக்கப்பட்டன. அறுவடைக்குப் பின்னரே அவர்கள் சிறப்பாகச் செய்தனர். ஒப்பிடப்பட்டோர் ஒரே மனிதர்கள் ஆதலின், வேறுபாட்டிற்குக் காரணம் பிறவிக் குணம் அன்று, சூழலே என ஆசிரியர்கள் வாதிடுகின்றனர்.

இரண்டாம் சான்று சென்னைக் கோயம்பேட்டுச் சிறு வணிகர்களைப் பற்றியது. காலையில் 1,000 ரூபாய் கடன் பெற்றுச் சரக்கு வாங்கும் வணிகர் அதனை 1,100 ரூபாய்க்கு விற்கிறார். நாளொன்றுக்கு 5 விழுக்காடு வட்டி என்பதால், 100 ரூபாய் ஆதாயத்தில் 50 ரூபாய் வட்டிக்கே போய்விடுகிறது. நாள்தோறும் 5 ரூபாயை மிச்சப்படுத்திக் கடனைக் குறைத்துவந்தால், மிஞ்சும் வட்டியும் சேர்ந்து ஏறத்தாழ 50 நாளில் கடன் முற்றும் தீரும். ஆயினும் வணிகர்கள் ஆண்டுக்கணக்கில் கடனிலேயே உழல்கின்றனர். ஆய்வாளர்கள் சிலருடைய கடனை முழுவதும் அடைத்தபோதும், ஓராண்டுக்குள் அவர்கள் ஒருவர்பின் ஒருவராக மீண்டும் கடனில் வீழ்ந்தனர். உறவினர் திருமணத்திற்கு மொய் வைப்பது போன்ற எதிர்பாராச் செலவைத் தாங்கும் சிறு இருப்பும் அவர்களிடம் இல்லாமையே காரணம் என நூல் விளக்குகிறது.

சான்றுகளின் வலிமை

ஒரு நூலின் செல்வாக்கும் அதன் சான்றுகளின் உறுதியும் ஒன்றல்ல. அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் குறைந்த வருவாயினரைச் சோதித்து 2016இல் வெளியான ஆய்வு, அறிவுத்திறனில் வேறுபாடு எதனையும் காணவில்லை. பற்றாக்குறை தொடர்பான 20 ஆய்வுகளை மீளச் செய்து பார்த்து 2021இல் வெளியான அறிக்கையில் நான்கே தெளிவாக உறுதிப்பட்டன. முல்லைநாதன் குழுவினரே தம் முந்தைய சோதனைகளை மீளச் செய்து, சில முடிவுகள் நிலைக்கவில்லை என 2019இல் வெளியிட்டமை பாராட்டத்தக்கது. ஆகவே, வறுமை அறிவை இவ்வளவு குறைக்கிறது என அளவிட்டுக் கூறும் பகுதிகளை எச்சரிக்கையோடு அணுகுதல் வேண்டும்.

இதனினும் அடிப்படையான குறை ஒன்றுண்டு. கோயம்பேட்டுக் கணக்கில் 5 விழுக்காட்டு நாள்வட்டி இயற்கை விதி போலவே ஏற்கப்படுகிறது. அவ்வட்டியை விதிப்பவர் யார், வங்கி அவ்வணிகருக்கு ஏன் எட்டவில்லை என்னும் வினாக்கள் பின்தள்ளப்படுகின்றன. ஐம்பது நாள் கணக்கும் மழையோ நோயோ குறுக்கிடாத ஐம்பது நாளையே கருதுகிறது. நேரமின்றித் தவிக்கும் பேராசிரியரையும் பணமின்றித் தவிக்கும் வணிகரையும் நூல் ஒரே சட்டகத்துள் வைக்கிறது. ஏழைக்கு வறுமையிலிருந்து விடுமுறை இல்லை என்பதை ஆசிரியர்கள் உணர்ந்தே எழுதுகின்றனர். எனினும் அவ்வேறுபாட்டின் வேரான அதிகார உறவை அவர்கள் விரிவாக ஆராயவில்லை.

அலாத்தாஸுடன் ஓர் ஒப்பீடு

இவ்விடத்தில் சையத் உசேன் அலாத்தாஸ் 1977இல் வெளியிட்ட 'சோம்பேறிச் சுதேசி என்னும் புனைவு' பற்றிய ஆங்கில நூல் நினைவுகூரத்தக்கது. மலாய், பிலிப்பினோ, சாவக மக்கள் சோம்பேறிகள் என்னும் பிம்பத்தைக் காலனிய முதலாளியமே உருவாக்கியது என அவர் நிறுவினார். மலாய்க்காரர் உழவிலும் மீன்பிடியிலும் உழைத்தே வாழ்ந்தனர். பிறர் ஆதாயத்திற்காகத் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் கூலியாக உழைக்க மறுத்ததே சோம்பல் எனப்பட்டது. விடுதலைக்குப் பின் 1971இல் வெளிவந்த 'ரெவொலுசி மெந்தால்' நூலும் அப்பிம்பத்தையே சுமந்தது என அவர் சுட்டினார்.

இருநூல்களும் ஏழையின் குணத்தைக் குற்றஞ்சாட்டும் வழக்கத்தை மறுக்கின்றன. முல்லைநாதனும் ஷாஃபிரும் வறியவர் மனத்துள் நிகழ்வதை ஆராய, அலாத்தாஸ் அவரை மதிப்பிடுவோரின் மனத்தை ஆராய்கிறார். ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவு செய்கிறது.

முடிவுரை

வீட்டுப்பாடம் செய்யாத மாணவரை 'அக்கறையற்றவர்' எனக் குறிப்பேட்டில் எழுதுவது எளிது. அச்சொல் அம்மாணவருடன் ஆண்டுக்கணக்கில் தொடரவும் கூடும். அதனை எழுதுமுன் அவருடைய வீட்டுநிலையை அறிய வேண்டும் என்கிறது முதல் நூல். அச்சொல் எங்கிருந்து நமக்கு வந்தது என்று வினவச் செய்கிறது இரண்டாம் நூல். சோதனை முடிவுகள் சில தளர்ந்தபோதும், இவ்விரு வினாக்களின் தேவை தளரவில்லை. ஆசிரியப் பயிற்சியில் இவ்விரு நூல்களையும் இணைத்துப் பயில்வது பெரும்பயன் தரும்.