பரிசு நூல்களும் பள்ளிச் சிறுவரும்

பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஜார்ஜ் டவுனில் 1816-ஆம் ஆண்டு தொடங்கிய பினாங்கு பிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு இடம்பெற்றதையே மலேசியத் தமிழ்க்கல்வியின் தொடக்கமாகக் கொள்வர். இத்துணை நீண்ட மரபுடைய ஊரிலும், பத்து முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள மாணாக்கர் கையில் எந்தத் தமிழ் நாவலைக் கொடுப்பது என்னும் வினா ஆசிரியரை மலைக்க வைக்கின்றது.

வினா சிறிதன்று. ஆறாம் ஆண்டோடு தமிழ்ப்பள்ளி முடிகின்றது. இடைநிலைப்பள்ளியிலோ தமிழ் ஒரு பாடமாகச் சுருங்குகின்றது. அதுவும் விரும்பி எடுப்போர்க்கே. ஆதலின், ஒரு முழுத் தமிழ் நாவலைத் தானே படித்து முடிக்கும் இன்பத்தை இவ்வயதில் பெறாத பிள்ளை, பின்னர் அதனைப் பெறுதல் அரிது.

இந்நிலையில் பரிசுப் பட்டியல்கள் நல்ல துணையாகும். இந்தியச் சாகித்திய அகாதெமி 2010 முதல் பால சாகித்திய புரஸ்கார் வழங்கி வருகின்றது. 9 முதல் 16 வயது வரையுள்ளோர்க்கான நூல்களே அதற்குரியவை. ஒன்பது வயதினர்க்கும் பதினாறு வயதினர்க்கும் ஒரே நூல் பொருந்துமா என்பதை முதலில் எண்ணுதல் வேண்டும். மேலும், பரிசு பெற்றவை யாவும் நாவல்கள் அல்ல. 2011-இல் பரிசு பெற்ற ம. இலெ. தங்கப்பாவின் ‘சோளக் கொல்லைப் பொம்மை’ பாடல் நூல்.

நாவல்களுள் இரண்டு இங்குச் சிறப்பாகக் குறிக்கத்தக்கவை. ஒன்று, 2020-ஆம் ஆண்டுப் பரிசு பெற்ற யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’. பிள்ளைகள்மீது பெரியவர் இழைக்கும் தகாத தொடுகையைக் கூறுவது இக்கதை. பெற்றோரிடமும் கூற அஞ்சுவதைச் சிறுமி ஒரு பொம்மையிடம் கூறலாம் அன்றோ? அவ்வுண்மையைக் கதையின் அச்சாக அமைத்ததே ஆசிரியரின் திறம். அச்சுறுத்தாமல் எச்சரிப்பதற்கு இவ்வமைப்பு இடம் தருகின்றது. எனினும், ஆசிரியர் முன்னர்ப் படித்து, பிள்ளைகள் கேட்கக்கூடிய வினாக்களுக்கு விடை எண்ணிக்கொண்ட பின்னரே இதனை வகுப்பில் தருதல் நன்று.

மற்றொன்று, 2023-இல் பரிசு பெற்ற உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’. இக்காலச் சிறுவனைப் பழங்காலக் கீழடிக்கு அழைத்துச் செல்லும் கதை இது. ‘ஆதன்’ என்பது கீழடிப் பானையோடுகளில் காணப்பட்ட பெயர். அப்பெயரை ஒரு சிறுவனாக்கி உலவவிட்டதனால் தொல்லியல் பிள்ளைகளுக்கு உறவாகின்றது. பினாங்கு ஆசிரியர்க்கு இதில் மற்றொரு வாய்ப்பும் உண்டு. அண்டையிலுள்ள கெடா மாநிலத்துப் பூஜாங் பள்ளத்தாக்கும் பழஞ்சின்னங்கள் நிறைந்த இடமே. இந்நாவலைப் படித்த பிள்ளையை அங்கு அழைத்துச் சென்றால், ஏடும் மண்ணும் ஒன்றையொன்று விளக்கும்.

ஆயினும் தமிழகத்து நூல்களே போதும் எனல் பொருந்தாது. அங்கு ‘ஐந்தாம் வகுப்பு’ எனப்படுவது இங்கு ‘ஐந்தாம் ஆண்டு’. இத்தகைய வேறுபாடு இடையூறாகாது. எனினும் தன் ஊரும் தன் பேச்சும் ஏட்டில் இடம்பெறக் காணாத பிள்ளை, தமிழ்க்கதை என்பது பிறநாட்டில் நிகழ்வது என்றே எண்ணிவிடும். மலேசிய எழுத்தாளர் கே. பாலமுருகனின் ‘மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்’ போன்ற சிறுவர் நாவல்கள் பரிசு நூல்களோடு ஒரே அடுக்கில் இருத்தல் வேண்டும்.

பரிசு வழங்குவோர் பெரியவர், படிப்போர் சிறியவர். பெரியோர் மெச்சும் அறிவுரை சிறுவர்க்குச் சுமையாதலும் உண்டு. அமெரிக்காவில் 1922 முதல் வழங்கப்படும் நியூபெரி பதக்கத்தின்போது, பதக்கம் பெறாத சிறந்த நூல்களும் சிறப்பு நூல்களாக அறிவிக்கப்பெறுகின்றன. இறுதிப் பரிசொன்றையே நோக்காமல், அதனை அடுத்து நின்ற நூல்களையும் நாடுதல் அறிவுடைமை என்பதற்கு இது சான்று.

ஆசிரியர் கொள்ளத்தக்க அளவுகோல் எளியது. முதல் இயலை வகுப்பில் உரக்கப் படித்து நிறுத்துக. அடுத்து என்ன நிகழ்ந்தது என்று பிள்ளைகள் கேட்பரேல், அந்நூல் தகுதியுடையது. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டமையால், தேர்வுக்காகவே படித்தல் என்னும் நெருக்கடி தொடக்கப்பள்ளியில் தளர்ந்துள்ளது. வாரம் ஒரு பாடவேளையேனும் நாவலுக்கு ஒதுக்கப்பெறுமாயின், தமிழை விரும்பிப் படிக்கும் ஒரு தலைமுறை உருவாகும்.