எந்தக் கடலில் சோதித்தீர்கள்?

வேளச்சேரியிலிருந்து தாம்பரத்துக்குப் பேருந்தில் சென்றவர்கள் பள்ளிக்கரணையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தைக் கண்டிருப்பீர்கள். 1993இல் தொடங்கப்பெற்ற இந்நிறுவனம், மூன்று பேரை 6000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுசெல்வதற்காக மத்ஸ்யா-6000 என்னும் மூழ்குகலத்தை வடிவமைத்தது. 2025 சனவரி, பிப்ரவரி மாதங்களில், சென்னைக்கு வடக்கேயுள்ள காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் அக்கலத்தை நீரில் இறக்கிச் சோதித்தார்கள். துறைமுகத்தில் ஆழம் குறைவு. அதனால் நீரடிப் பேச்சுத் தொடர்பு ஓரளவு பாதிக்கப்பட்டது என்று அரசின் அறிக்கையே கூறிற்று. இந்த நேர்மை பாராட்டத்தக்கது. நீரடித் தொடர்பின் மற்றொரு கிளையில் இதைக் காண்பது அரிதாயிருக்கிறது.

அக்கிளை, பண்பேற்ற வகையை இனங்காணுதல். உப்புநீரில் வானொலி அலை சிறிது தொலைவிலேயே மங்கிவிடும். ஆகவே செய்தியை ஒலிதான் சுமக்க வேண்டும். 0க்கு ஒரு சுருதி, 1க்கு வேறொரு சுருதி என்று அனுப்பலாம்; இது அதிர்வெண் முறை. சுருதியை மாற்றாமல் அலையின் கட்டத்தை மட்டும் தள்ளியும் அனுப்பலாம். முன்பே பேசிவைத்துக்கொண்ட இரு கருவிகளுக்கு இதில் சிக்கல் இல்லை. ஆனால் கடலின் நிலைக்கேற்ப முறையை மாற்றும் கருவிகளும், வெவ்வேறு நிறுவனங்களின் மோடம்களும் ஒரே நீரில் ஒலிக்கும்போது, கேட்பவர் முதலில் முறையைக் கண்டுபிடித்தாக வேண்டும். பொதுமொழியாக ஜானஸ் என்ற அதிர்வெண் முறையை நேட்டோ நாடுகள் 2017இல் ஏற்றன. எல்லாரும் அதையே பேசுவதில்லை.

கணிப்பொறிக்கு இந்த வேலையைக் கற்பிக்கும் கட்டுரைகள் பெருகிவிட்டன. பலவற்றின் போக்கு ஒன்றே. கணிப்பொறியிலேயே சைகைகளை உண்டாக்குவார்கள். சீரான இரைச்சலைக் கலப்பார்கள். அதே வார்ப்பிலிருந்து எடுத்த வேறு சைகைகளால் சோதிப்பார்கள். தொண்ணூறைத் தாண்டிய விழுக்காடு வரும். பாடம் நடத்தியவரே வினாத்தாளும் எழுதினால் வராமல் என்ன செய்யும்?

கடல் அப்படிப்பட்ட தேர்வாளர் அல்ல. நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் செல்கிறது. தரையில் பட்டுத் திரும்பும் ஒலி 15 மீட்டர் அதிகம் சுற்றிவந்தால் 10 மில்லிநொடி தாமதம். நொடிக்கு 1000 குறிகள் அனுப்பினால், பத்துக் குறிகளுக்கு முந்தியது இப்போதையதன்மேல் வந்து விழும்! படகு நொடிக்கு 1.5 மீட்டர் நகர்ந்தால் 10,000 ஹெர்ட்ஸ் அலை 10 ஹெர்ட்ஸ் பிசகும். திருத்தாவிட்டால், வரைபடத்தில் நான்கு புள்ளிகளாய் நிற்க வேண்டிய நாற்கட்ட முறை சுழன்று வட்டமாகிவிடும். எண்கட்ட முறையும் அதே வட்டந்தான். போதாததற்கு, வெப்பக்கடலின் ஆழமற்ற பகுதிகளில் கொடுக்கைச் சொடுக்கும் இறால்கள் வேறு. அவை எழுப்பும் ஒலி சீரான இரைச்சல் அன்று, பட்டாசுச் சரம்.

கப்பலுக்குச் செலவாகும், கடலில் பதிவுசெய்வது எளிதன்று என்பார்கள். உண்மையே. கணிப்பொறிச் சோதனையை முதற்படியாகச் செய்வதில் குற்றமும் இல்லை. அதன் விழுக்காட்டைக் கடலின் விழுக்காடுபோல் முடிவுரையில் எழுதுவதுதான் குற்றம்.

அத்தகைய கட்டுரை உங்கள் கைக்கு வந்தால் சராசரியை விட்டுவிட்டு, எந்த முறையை எதுவாகத் தவறாகக் கொண்டார்கள் என்ற அட்டவணையைத் தேடுங்கள். நாற்கட்டமும் எண்கட்டமும் அங்கே எத்தனை முறை இடம் மாறியிருக்கின்றன என்று எண்ணுங்கள். பயிற்சிக்கு ஒரு கடல், தேர்வுக்கு வேறு கடல் என்று வைத்தார்களா, அங்கே ஆழம் எத்தனை மீட்டர் என்பதையும் பாருங்கள். காட்டுப்பள்ளியில் குறுக்கே நின்றது அந்த ஆழந்தான்.